துணைக்காரணம்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும் ஜீப்புகளுள் ஒன்று என்றேனும் கவிழ்ந்தாலும், மழைநாளின் வழுக்கலில் காய் எடுக்கும் ஒருத்தி சரிவிலே கால் தவறி வீழ்ந்தாலும், உயிர் தப்பியோர் பெரிதும் அஞ்சுவது தொடை எலும்பின் முறிவுக்கே. ஏனெனில் உடம்பின் எலும்புகளுள் மிக நீண்டதும் வலியதுமான அது முறியும்போது, தோல் கிழியாதிருந்தாலும், தசைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கசிந்து தேங்கிவிடக்கூடும். முறிந்தது எதனால் என்று கேட்டால் விதி என்பர். கூடியது எதனால் என்று கேட்டால் பிளேட் வைத்ததனால் என்பர். முறித்த பழியைத் தெய்வத்துக்கும் கூட்டிய புகழை இரும்புக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் இந்த வழக்கில், தெய்வத்துக்கு இழைக்கப்படும் அநீதி ஒருபுறம் இருக்க, இரும்புக்குச் சூட்டப்படும் புகழும் உண்மைக்கு இசைந்ததன்று என்பதே என் கருத்து.

ஒரு காரியம் தோன்றுவதற்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என மூன்றும் வேண்டும் என்பர் சைவ சித்தாந்திகள். குடத்துக்கு மண் முதல், தண்டும் சக்கரமும் துணை, குயவன் நிமித்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் வகுத்த சிவஞானபோத நெறியைப் பயிலப் புகுவோர் தொடக்கத்திலேயே சந்திக்கும் உதாரணம் இது. இதனை அறுவைக் கூடத்துக்குக் கொண்டுசென்று, எலும்பு முதல், தகடும் திருகாணிகளும் துணை, மருத்துவர் நிமித்தம் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் குயவன் கைவிட்ட மண் மண்ணாகவே கிடக்கும். முறிந்த எலும்போ, மருத்துவர் வீடு திரும்பி உறங்கும் இரவிலும், நோயாளி தன்னை மறந்து கிடக்கும் வேளையிலும், தேங்கிய குருதியைத் திரளையாக்கி, அத்திரளைக்குள் நார்த்திசுவையும் குருத்தெலும்பையும் வளர்த்து, முறிவைச் சுற்றி மென்மையானதொரு முடிச்சைக் கட்டி, பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றி இறுக்கி, சில மாதங்களில் பாரம் தாங்கத்தக்கதாக்கி, அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் மிகையைக் கரைத்தும் குறையை நிரப்பியும் தன் பழைய வடிவத்தை நாடிச் செல்கிறது. உயிர் நீங்கிய உடம்பில் எத்துணைச் சிறந்த தகட்டை வைத்து முடுக்கினாலும் எலும்பு கூடாது என்பதொன்றே போதும், தகட்டின் ஸ்தானத்தை நிர்ணயிப்பதற்கு.

ஆயினும் துணைக்காரணம் என்று சொல்லி அதனை இழிவாக எண்ணிவிடலாகாது. துணையிலும் நல்ல துணை, கெட்ட துணை என்ற பேதம் உண்டு. தொடையெலும்பின் நடுத்தண்டு முறிந்தால் உட்குழலில் கம்பி செலுத்துவதே இன்றும் பெருவழக்கு. முழங்காலை ஒட்டி நொறுங்கினால், அதிலும் முதுமையால் எலும்பு நலிந்திருந்தால், தகடு தேவைப்படுகிறது. 1958-இல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கோவர் முதலியோர் தொடங்கிய ஏ.ஓ. சங்கத்தார், துண்டுகளை இடைவெளியின்றி நெருக்கி, தகட்டை எலும்பின்மீது அழுந்த முடுக்கி, அணுவளவும் அசையாமல் நிறுத்துவதையே இலட்சியமாகக் கொண்டனர். மாதக்கணக்கில் காலை இழுத்துக் கட்டிப் படுக்கையில் கிடந்த மனிதர்களை எழுப்பி நடக்கவைத்த உபகாரம் அவர்களுடையது. ஆனால் அத்தகட்டின் பிடிப்பு முழுதும் அழுத்தத்தில் இருந்தது. அழுத்தமோ எலும்பைப் போர்த்திய மெல்லிய சவ்வின் இரத்த ஓட்டத்தை நெரித்தது. தாங்க வந்தது, தாங்கப்படுவதன் ஜீவனையே சுருக்கியது.

அதன் பின்னர், கடந்த நூற்றாண்டின் முடிவையொட்டி, லாக்கிங் பிளேட் எனப்படும் பூட்டுத் தகடு வழக்குக்கு வந்தது. அதில் திருகாணியின் தலையிலும் மரை; தகட்டின் துளையிலும் மரை; இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதால், எலும்பை அழுத்திப் பிடிக்க வேண்டிய அவசியம் தகட்டுக்கு இல்லை; எலும்பினின்று இழையளவு விலகி நின்றே அதனை நேர்நிறுத்துகிறது, கீழே குருதி தடையின்றி ஓடுகிறது. இத்தகடும் பிழையற்றதன்று. இடைவெளி இருக்கும் முறிவை அசைவே அற்றுப்போகுமாறு இறுக்கிவிட்டால், எலும்பு முடிச்சுக் கட்டாமல் வாளா இருந்துவிடுகிறது. மாதங்கள் கடந்து, ஓயாது வளைந்து வளைந்து களைத்த உலோகம் இறுதியில் தானே முறிகிறது. ஆகவே முறிவை அடுத்த சில துளைகளைத் திருகாணியின்றி வெறுமையாய் விட்டு, சிறிதளவு நெகிழ்ச்சிக்கு இடம்கொடுக்க அறுவை மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். அசைவு மிகுந்தாலும் கூடாது, முற்றும் ஒழிந்தாலும் கூடாது என்னும் இந்த நுட்பத்தை ஸ்டீபன் பெரென் முதலிய ஆராய்ச்சியாளர் கணக்கிட்டு விளக்கினர்.

இங்கே பக்தர் ஒருவர் குறுக்கிடக்கூடும்: தன் உடம்பில் நிகழ்வதைத் தானே அறியாத ஜீவன் தன் எலும்பைத் தானே கூட்டுவதெப்படி, அறிந்து கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டாமா என்பார். இவ்வனுமானம் எனக்கு உவப்பானதன்று. எலும்பின் அணுக்கள் தம்மீது விழும் பளுவையும் நெளிவையும் உணர்ந்து தொழிற்படுகின்றன. நம் அறிவு எட்டாத இடமெல்லாம் ஈசுவரனுக்கு என்று ஒதுக்கினால், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஒவ்வொரு முழம் அவன் பின்வாங்க நேரும். அருளை, நாம் அறியாத இடத்தில் தேடுவதைக் காட்டிலும், உதவி என்பதன் இலக்கணத்தில் தேடுவது தகும். உயிர் தன் வினையைத் தானே நுகர்ந்து பக்குவமடையும் பொருட்டு உடம்பும் கருவியும் உலகமும் தரப்படுகின்றன என்றே சித்தாந்தம் கூறுகிறது. துன்பமே நேராதபடி உயிரை இறுகக் கட்டி நிறுத்துவதை அருளென்று அது கூறவில்லை. கவிழ்ந்த ஜீப்புக்கு இது சமாதானம் ஆகாது. எட்டுப் பேர் ஏறும் வண்டியில் அதற்கு மேல் திணிப்பவனின் குற்றத்தை வினையின் கணக்கில் எழுதுவதும் அதர்மமே. விழுந்த பின் நேரும் உதவியின் தன்மையைப் பற்றியே நான் பேசுகிறேன்.

அருளுக்குத் தகட்டை உவமை காட்டும் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிந்துவிடுகிறது என்பதையும் மறைக்கலாகாது. எலும்பு பளுவுக்குத் தக்கவாறு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று 1892-இல் ஜூலியஸ் வுல்ஃப் வகுத்தார். அதன்படி, கூடிய பின்னும் பளுவைத் தகடே சுமந்து நின்றால் அடியிலுள்ள எலும்பு மெலியக்கூடும். நலிவுக்குக் காரணம் இரத்தத் தடையே என்று பெரென் மாறுபட்டார்; எனினும் இளையோர்க்குச் சில வேளைகளில் தகட்டை எடுத்துவிடுவதும், முதியோர்க்கு மறு அறுவையின் தீங்கஞ்சி விட்டுவிடுவதும் வழக்கமாயிருக்கிறது. தகடு எத்துணை நல்லதாயினும் அதன் பயன் ஓர் அவதிக்குட்பட்டது. முத்தியிலும் உயிர் அருளைச் சார்ந்தே நிற்கும், அச்சார்பினால் உயிர்க்கு மெலிவு நேராது என்கிறார் சித்தாந்தி. அக்கொள்கைக்குத் தொடையிலுள்ள எஃகினிடமிருந்து சாட்சியம் எதுவும் கிடைப்பதில்லை.