உப்பும் தன்மதிப்பும்

பெருமுக்கல்லுக்குக் கிழக்கே, மரக்காணம் உப்பளங்களில் நீர் வற்ற வற்ற உப்பு விளைகிறது. அது புறத்தேயிருந்து வந்ததன்று, நீரிலேயே கரைந்திருந்தது. தலைமைக்குரிய தன்னம்பிக்கையும் அத்தகையதே. ‘என்னால் இயலும்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொள்வது நன்றே. ஆயினும், ‘நான் யார்?’ என்னும் வினாவுக்கு அஞ்சுபவரிடம் அச்சொல் நிலைப்பதில்லை.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் தேவதாசி மரபினர். மகள் 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார். உயர்ந்தபின் தம் பிறப்பை மறந்துவிடாமல், அம்மரபுப் பெண்களின் துயரையே தம் வழக்காக அவையில் எடுத்துரைத்தார். பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

இன்று உள்ளாட்சியில் சரிபாதி இடம் பெண்களுக்கு உண்டு. இருக்கை கிடைத்தும், எளிய பிறப்பை எண்ணிக் கூசி, கணவரைப் பேசவிட்டு ஒதுங்கும் சகோதரியே! உப்பளத்தில் காய்த்த உம் கையே அவ்வூருக்காகப் பேச உமக்குள்ள உரிமை அன்றோ?