அடுப்பு அணைந்த சத்திரம்

ஒரு பொதுக் கட்டடம் எந்த வேலைக்காக எழுப்பப்பட்டதோ, அந்த வேலை நின்றுபோன பிறகு ஊர் அதற்கு என்ன கடன்பட்டிருக்கிறது? இடித்துவிட்டு இன்றைக்குத் தேவையான ஒன்றைக் கட்டிக்கொள்ள ஊருக்கு உரிமை உண்டா? பழமைக்காகவே அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை உண்டா? காப்பாற்றினால் எதற்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது? பெருநகரங்களில் இப்படிப்பட்ட கட்டடங்கள் பல. ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். சிற்றூரில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அங்கே தவறாக எடுத்த முடிவைத் திருத்திக்கொள்ள வழியில்லை.

ஒரு கட்டடத்தை முன்னால் வைத்துக்கொண்டு இதைப் பேசுவது நல்லது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் பேரூராட்சி ஒரத்தநாடு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அங்கேதான் இருக்கிறது. மன்னரின் அன்புக்குரிய முத்தம்மாள் பிரசவத்தில் இறந்தார் என்றும், தம் பெயரில் ஓர் அன்னசத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. யானையும் குதிரையும் இழுத்துச் செல்லும் தேர்போலக் கல்லில் செதுக்கிய அடித்தளம் அந்தக் கட்டடத்தின் சிறப்பு. அந்த வேலைப்பாடெல்லாம் ஓர் அடுக்களையைச் சுற்றி எழுந்தது. தஞ்சையிலிருந்து ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடுவதே அங்கே முதல் வேலை.

அன்றைய சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் இழந்த சரபோஜி, சத்திரங்களையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்க வேண்டும் என்று 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் முன்னோர் ராமேசுவரம் சாலையில் நிறுவிய சத்திரங்களில் நடக்கும் தருமங்களை அதில் ஒவ்வொன்றாக விவரித்தார். எந்தச் சாதியைச் சேர்ந்த வழிப்போக்கருக்கும் அங்கே உணவு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர் அரிசியும் மளிகையும் வாங்கிக்கொள்ளலாம். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் உண்டா என்று கூவி அழைத்துக் கடைசிப் பந்தி போடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர், கர்ப்பிணிக்குப் பராமரிப்பு, வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைக்குப் படிப்பு, இறந்துபோன அந்நியருக்கு ஈமச்சடங்கு என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. இத்தனைக்கும் செலவுக்கு நிலங்கள் எழுதிவைக்கப்பட்டிருந்தன. தஞ்சை மராட்டியரின் மோடி எழுத்து ஆவணங்களில் சத்திரக் கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன.

பின்னர் காலம் மாறியது. 1855இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசு முடிந்தது. ரயில் வந்தது, 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ராமேசுவரத்துக்கு நடந்து போகவேண்டிய அவசியமே குறைந்துபோனது. நடைப்பயணி இல்லாத சாலையில் அன்னசத்திரம் யாருக்குச் சோறு போடும்? ஒரத்தநாட்டுச் சத்திரம் பிற்காலத்தில் மாணவர் விடுதியாயிற்று. அதன் பின் பழுதடைந்து ஆளற்றுப்போனது. இப்படிப்பட்ட கட்டடங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் அறத்தின் கேள்வியும் கூடவே எழுகிறது. எதைக் காப்பாற்றினால் சத்திரத்தைக் காப்பாற்றியதாகும்?

கட்டடங்கள் எல்லாமே ஒரே வகையில் பழமையானவை என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. அதே சரபோஜி, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814–15இல் மல்லிப்பட்டினம் கடற்கரைக்கு அருகே மனோரா என்ற கோபுரத்தை எழுப்பினார். பார்க்கப்படுவதும் நினைவூட்டுவதுமே அந்தக் கோபுரத்தின் பணி. அதை விழாமல் நிறுத்தி, வருகிறவர்களுக்குக் காட்டினால் போதும். அதற்குச் செய்யவேண்டியது செய்தாயிற்று. சத்திரத்தின் கணக்கு வேறு. அதற்கு உருவமும் உண்டு, வாக்குறுதியும் உண்டு. கையில் காசில்லாமல் வருகிறவரை உள்ளே விடுவோம் என்பது அந்த வாக்குறுதி. மனோராவுக்குப் போதுமான பாதுகாப்பு முக்தாம்பாள் சத்திரத்துக்குப் போதாது. தூணும் தாழ்வாரமும் பளபளக்க, வாசலில் கட்டணச் சீட்டு கிழிக்கப்பட்டால் அங்கே பாதிதான் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. முதலாவது, வறுமை. குடிநீர்க் குழாயும் மருந்தகமும் போதாத ஊரில் பழஞ்சுவருக்குச் சுண்ணாம்பு பூசப் பணம் செலவழிப்பது நியாயமா? உயிரோடிருப்பவரின் தேவைதான் முந்தியது என்பதில் ஐயமில்லை. விழப்போகும் சுவருக்கு அடியில் குழந்தைகள் விளையாடினால் சுவரைத்தான் இறக்க வேண்டும். அங்கே பாரம்பரியம் பேசுவது கொடுமை. ஆனால் சத்திரம் ஊரிடம் கையேந்தி நிற்கும் கட்டடம் அல்ல. அது சொந்த நிலங்களோடு பிறந்தது. தஞ்சை மாவட்டத்தில் மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திரங்களுக்கென்று தனி நிர்வாகமே உண்டு. எனவே, ஏழையின் பங்கை எடுத்துச் சத்திரத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்பதற்கு முன், ஏழைக்கென்று எழுதிவைத்த நிலத்தின் வருமானம் முறையான குத்தகையாக வந்து அவரைச் சேர்கிறதா என்று கேட்க வேண்டும். அந்த நிலத்தைக் குறைந்த குத்தகைக்கு அனுபவிப்பதும், குத்தகையைக் கட்டாமல் இழுத்தடிப்பதும், ஆக்கிரமித்துக்கொள்வதும் எங்கே நடந்தாலும் இலையின் முன் உட்கார்ந்தவரின் சோற்றைப் பறிப்பதற்குச் சமம். சத்திரம் பாழாவது பெரும்பாலும் மழையில் தொடங்குவதில்லை; கணக்குக் கேட்க ஆளில்லாமல் போகும்போதே தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, பழைய அநீதி. அரசர் செய்த தருமத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது? காவிரி வண்டலில் உழைத்தவர்களின் வியர்வையிலிருந்து வந்தது. எல்லாச் சாதியாருக்கும் சோறு என்பது எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் என்று பொருள்படாது; இறந்தவருக்கான சடங்குகூட அவரவர் சாதி முறைப்படிதான் நடந்தது. இப்படிப்பட்ட கட்டடத்தை அப்படியே போற்றுவது அந்த ஏற்றத்தாழ்வையும் போற்றுவதாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் இதற்கான விடையும் அதே தஞ்சை மண்ணில், அதே சத்திரச் சொத்திலிருந்தே கிடைத்திருக்கிறது.

திருவையாற்றில் சத்திர அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு வடமொழிக் கல்லூரி நடந்துவந்தது. 1920களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வம், அந்த அறக்கட்டளையின் மூல ஆவணத்தை எடுத்துப் படிக்கச் செய்தார். கல்விக்கு என்றுதான் அதில் இருந்தது. வடமொழிக்கு மட்டும் என்று இல்லை. கல்லூரியில் தமிழ்ப் புலவர் வகுப்பு தொடங்கியது. பின்னாளில் பல தமிழறிஞர்கள் அங்கிருந்து புறப்பட்டார்கள். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திர வருவாயைக் கொண்டு மாணவர் விடுதிகள் நடக்க வழிசெய்த பெருமையும் அவர் பெயரோடு சேர்ந்து பேசப்படுகிறது. அறக்கட்டளையை உடைக்காமலே, வழக்கத்தால் குறுகிப்போன அதன் வாசலை அவர் அகலப்படுத்தினார். முன்னோர் செய்த நன்மையை எடுத்துக்கொண்டு, அவர்கள் அதற்குப் போட்ட எல்லையை நீக்குவது பின்வருகிறவர்களின் கடமை. கட்டடத்தை இடித்தால் அந்த எல்லை நினைவிலிருந்து மறையலாம்; ஆனால் எல்லோருக்கும் சொந்தமாகியிருக்க வேண்டிய சொத்தும் அதோடு போய்விடும்.

சட்டமும் இந்த வழியைத்தான் காட்டுகிறது. ஓர் அறக்கட்டளையின் முதல் நோக்கத்தை நிறைவேற்ற முடியாமல் போனால், அந்தச் சொத்தை அதற்கு மிக நெருங்கிய நோக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அறக்கட்டளைச் சட்டத்தின் பழைய கோட்பாடு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இதற்கு இடம் வைத்திருக்கிறது. வழிப்போக்கருக்குச் சோறும் கூரையும் என்ற நோக்கத்துக்கு எது மிக நெருக்கம்? வெளியூரிலிருந்து படிக்க வரும் ஏழைப் பிள்ளையின் விடுதி நெருக்கம். மருத்துவமனைக்கு வந்து தங்க இடமில்லாமல் தவிக்கும் நோயாளியின் உறவினருக்கான கூடம் நெருக்கம். பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் தாய்சேய் நல மையம் அமைந்தால் அதுவும் பொருத்தமே. நூலகம் சற்றே தள்ளி நிற்கும். ஆனாலும் அது எல்லோரையும் உள்ளே விடும். ஓரிரவுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் சொகுசு விடுதி மிகமிகத் தொலைவு.

சொகுசு விடுதி என்றாலே தீமை என்று இதற்குப் பொருளில்லை. 1620இல் டேனிஷ்காரர் கோட்டை கட்டிய தரங்கம்பாடியில், கடலைப் பார்த்து நின்ற பழைய கலெக்டர் பங்களா சீரமைக்கப்பட்டுப் பயணிகள் தங்கும் விடுதியானது. அந்த டேன்ஸ்போர்க் கோட்டை அருங்காட்சியகமானது. அவற்றில் யாருக்கும் அநீதி இல்லை. கலெக்டர் பங்களாவுக்குள் ஊரார் ஒருநாளும் உரிமையோடு நுழைந்ததில்லை. அது விடுதியானதால் அவர்கள் எதையும் இழக்கவுமில்லை. மீன்பிடித்து வாழும் சிறு ஊரில் சிலருக்கு வேலையும் கிடைக்கும். சத்திரம் விடுதியானால் கதை தலைகீழ். இலவசமாக உள்ளே வர உரிமை பெற்றிருந்தவர் வாசல் காவலாளியால் தடுக்கப்படுவார். பழைய கட்டடத்துக்குப் புதிய பயன் தேடும் எந்த ஊரும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தப் புதிய பயன், கட்டடத்தின் பழைய உரிமையாளரை வெளியே தள்ளுகிறதா? தள்ளினால் வருமானம் எவ்வளவு வந்தாலும் அது தவறு. தள்ளாதபோது, ஒரு பகுதியைத் திருமணத்துக்கோ கூட்டத்துக்கோ நியாயமான வாடகைக்கு விட்டு அடுக்களைச் செலவை ஈடுகட்டுவதில் குற்றமில்லை.

மூன்றாவது எதிர்வாதம் கட்டடத்தை உண்மையில் நேசிப்பவர்களிடமிருந்து வருகிறது. பயன்பாடே கட்டடத்தைக் கெடுக்கும் என்பார்கள். விடுதியாக விட்டால் சுவரில் ஆணி அடிப்பார்கள், தாழ்வாரத்தில் கழிவறை கட்டுவார்கள், சுண்ணாம்புக் காரைமேல் சிமெண்ட் பூசுவார்கள். சிமெண்ட் பூசிய பழஞ்சுவர் உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாது. செங்கல் உள்ளுக்குள்ளேயே உதிரும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் பூட்டிய கட்டடமும் பிழைப்பதில்லை. ஓடு விலகியதை அன்றே பார்க்க அங்கே ஆள் இல்லை. சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கக் கையில்லை. மரம் வேரூன்றிச் சுவரைப் பிளந்த பிறகுதான் அதிகாரி வருவார். அபாயமான கட்டடம் என்ற அறிக்கையோடு வருவார். நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்காக 1964இல் உருவான வெனிஸ் சாசனம் இரண்டு பக்கத்தையும் கருத்தில் கொண்டது. சமூகத்துக்குப் பயன்படும் ஒரு பணி பழைய கட்டடத்தின் பாதுகாப்புக்குத் துணை என்கிறது. அந்தப் பணி கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. எனவே, பணியைக் கட்டடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐம்பது பேர் தங்கக்கூடிய இடத்தில் இருநூறு பேரைத் திணித்துவிட்டு, பழங்கட்டடம் தாங்கவில்லை என்று சொல்வது நேர்மையில்லை.

கடைசியாக, இதை யார் முடிவுசெய்வது? பணம் அரசிடம் இருக்கிறது. நுட்ப அறிவு தொல்லியலாளரிடமும் சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனாரிடமும் இருக்கிறது. ஆவணம் காப்பகத்தில் இருக்கிறது. ஊரிடம் இருப்பது அந்தக் கட்டடத்தோடு வாழும் வாழ்க்கை. ஊரைக் கேட்காமல் வெளியிலிருந்து வந்து திறக்கப்படும் அருங்காட்சியகத்துக்கு ஊரார் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். அது பாழாகும்போது யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். அதேவேளையில் ஊரின் விருப்பம் மட்டுமே முடிந்த முடிவாகவும் இருக்க முடியாது. ஊரின் குரல் என்று கேட்பது பல சமயம் நிலமும் செல்வாக்கும் உள்ள சிலரின் குரல்தான். சத்திரம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார், வழிப்போக்கருக்கு வாக்கில்லை. அவர் சார்பில் பேசுவது மூல ஆவணம் ஒன்றுதான். ஆகவே, எந்தத் திட்டம் தீட்டுவதற்கு முன்பும் அந்த ஆவணத்தைத் தமிழில் ஊரறிய வாசிக்க வேண்டும்; சத்திர நிலங்களின் சர்வே எண்ணும் குத்தகைக் கணக்கும் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். கட்டடத்தின் உறுதியை அறிந்தவர்கள் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்று சொல்லட்டும். அதற்குள் என்ன நடத்துவது என்று ஊர் கூடிப் பேசட்டும்.

முன்னோர் கட்டியது என்பதற்காக மட்டும் ஒரு சத்திரத்தைக் காக்க வேண்டியதில்லை. நம் காலத்தில் அறமே செய்ய இடமில்லை என்று சொல்ல முடியாதபடி நிலத்தையும் சுவரையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதற்காகக் காக்க வேண்டும். ஒரத்தநாட்டிலும், ராமேசுவரம் சாலை நெடுகிலும், தமிழ்நாட்டின் எத்தனையோ சிற்றூர்களிலும் இப்படி நிற்கும் கட்டடங்களுக்கு ஒரே அளவுகோல் போதும். அந்த வாசலில் முதல் உரிமை கையில் காசில்லாதவருக்கு. அதை மதிக்கும் புதிய பயன் எதுவானாலும் வரவேற்கலாம். அதை மறுக்கும் புனரமைப்பு, கல் பெயராமல் செய்யப்பட்டாலும், அறத்தை இடித்ததாகவே கணக்கில் வரும்.