சுவரில் மாட்டிய ஊர்

கீழ் லயத்தில் தப்பைக் காய்ச்சுகிறார்கள். காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றி மூன்று நாளாகிறது. மாசிக் குளிரில் தோல் முறுகும் அந்தச் சத்தம் கேட்கும்போது, போன வருடம் எங்கள் லிந்துலைத் தோட்டத்துக்கு வந்துபோன பெண்ணின் நினைவு வருகிறது.

1980களில் கைக்குழந்தையாக நெதர்லாந்துக்குத் தத்துப் போனவள். தான் வளர்ந்த வீட்டுக் கூடத்தைக் கைபேசியில் காட்டினாள். ஒரு சுவர் முழுக்க இலங்கை: அம்பலாங்கொடை முகமூடி, பெரஹெரா யானை வரைந்த பத்திக் துணி, சிகிரியாப் பெண்கள், பித்தளை விளக்கு. மகளுக்குப் பிறந்த நாடு மறந்துபோகக் கூடாதென்று வளர்த்த அம்மா ஒவ்வொன்றாய் வாங்கிச் சேர்த்தவை. அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை.

ஆனால் அதில் ஒன்றுகூட லயத்துக் காம்பராவில் இருந்திருக்காது. அம்பலாங்கொடை தெற்குக் கடற்கரை ஊர். அவளுடைய தத்துத் தாளில் எழுதியிருப்பது உண்மையென்றால், பெற்றவள் இந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். 10 அடிக்கு 12 அடி காம்பரா, அடுப்புக் கரி ஏறிய சுவர், ஒட்டிய பத்திரிகைத் தாள், முருகன் கலண்டர், ஆணியில் ஈரம் சொட்டும் இடுப்புப் படங்கு. அவ்வளவுதான் இருந்திருக்கும்.

உண்மையென்றால். அந்த ஒரு சொல்லில்தான் மனம் மாட்டிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பிள்ளைகள் 11,000 வரை இருக்கலாம் என்று 2017இல் டச்சுத் தொலைக்காட்சி சொன்னது. பெறாத பெண்களைத் தாயென்று நிறுத்தியதும் அப்போது வெளியே வந்தது. 2021இல் நெதர்லாந்தின் விசாரணைக் குழு முறைகேடுகளை உறுதிப்படுத்தியது. அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. தாயின் பெயரே பொய்யாக இருக்கக்கூடிய பிள்ளைக்கு எந்தப் பண்பாட்டைச் சுவரில் மாட்டுவது? தமிழா, சிங்களமா என்பதே அவளுக்குத் தெரியாது.

இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் கலை மாட்டிவைக்கிற கலை இல்லை. காமனை எரித்துவிடுவோம். வாசல் கோலம் காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறவர்களின் காலில் அழியும். ரதியின் புலம்பல் விடிந்தால் முடிந்துவிடும். விற்க ஒரு கடையும் இல்லை.

பக்கத்துக் காம்பரா ஆச்சிதான் எழுந்து போய்த் தன் பழைய படங்கை எடுத்து வந்தார். “எடுத்துக்க மகள், சும்மா ஆணியிலதான தொங்குது.” சாயம் ஏறிக் கறுத்து, இடுப்புக் கயிறு உரசிய இடத்தில் நைந்த படங்கு. அவள் அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். ஆச்சி எதுவும் கேட்கவில்லை.

இப்போது அது அந்தக் கூடத்தில் தொங்குகிறது, படம் அனுப்பியிருந்தாள். பக்கத்திலேயே அந்த முகமூடி. கழற்றிவிடுவாளோ என்று நினைத்திருந்தேன். கழற்றாதது எனக்கு நிம்மதி. நாற்பது வருடம் ஒரு தாய் தூசி தட்டி வைத்திருந்த பொருள், அது எந்தக் கரையில் செய்ததானாலும், அவளுடையதுதான்.

ரதி புலம்புகிற இரவைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. தப்புச் சத்தத்தையாவது இன்றே பிடித்துவிடலாம். தோல் சூடேறிவிட்டது போலிருக்கிறது; அடி கணீரென்று விழுகிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்குகிறேன்.