நன்றி யாருக்கு?

"நாம் செய்த புண்ணியம், வாத்தியார் தம்பி! முற்பிறவியிலே நல்லது செய்தோம். இப்பிறவியிலே நல்ல ஊரிலே பிறந்தோம்!"

இலங்கை மலையகத்திலே நான் கண்டவற்றைக் கேட்டுவிட்டு, எங்கள் தெருப் பெரியவர் குழித்தறியில் அமர்ந்தபடி அளித்த தீர்ப்பு இது. தீர்ப்புக் கூறியதும் நாடா மீண்டும் ஓடிற்று. எனக்கோ பேச்சு ஓடவில்லை.

கோடை விடுமுறையில், கல்லூரித் தோழரைக் காண, அட்டனுக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். அவரும் ஆசிரியர், அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். பச்சைப் பட்டு விரித்தாற்போல் மலை! ஆரணிக்காரனுக்கு வேறு உவமை வருமா? ஆனால் அந்தப் பட்டின் மடியிலே, வெள்ளைத் துரைமார் காலத்து வடிவம் மாறாத லயன் வீடுகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதிலே ஐவர். தண்ணீருக்குப் பொதுக்குழாய், கழிப்பிடத்துக்கோ, மழையிலே சரிவிறங்கி நடக்கவேண்டும். வீட்டிலிருந்த நல்ல கம்பளியை எனக்குத் தந்துவிட்டு, தோழரின் தாயார் பழஞ்சேலையைப் போர்த்திக்கொண்டார். விடியுமுன் எழுந்தவர் கேட்டார்: "தம்பி, உங்க ஊருல வீட்டுக்குள்ளேயே தண்ணி வருமா?"

"வரும் அம்மா" என்றேன், குற்றத்தை ஒப்புக்கொள்பவன்போல.

ஆரணி திரும்பியதும் குழாயைத் திருகினேன், நீர் கொட்டிற்று. பள்ளி திறந்தது, சிறுவர் காலை உணவு உண்டனர். நேற்றுவரை கண்ணில் படாதவை இன்று கண்ணை நிறைத்தன. நன்றி பொங்கிற்று. பொங்கட்டும்! ஆனால், யாருக்கு நன்றி? இங்குதான் பெரியவரோடு எனக்குப் பிணக்கு.

புண்ணியத்தால் நமக்குக் குழாய் வந்ததென்றால், அந்தத் தாய் செய்த பாவம் யாது? கம்பளியை விருந்தாளிக்குத் தந்து குளிரிலே நடுங்கியவர் பாவி. போர்த்தி உறங்கிய நான் புண்ணியவானா?

1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பாளரின் வழிவந்தோரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என மனிதரைப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் பிறக்க 2003 ஆயிற்று. வாக்கற்றவன் வாசலை எந்த ஆட்சி எட்டிப் பார்க்கும்? பேனா எழுதிய கொடுமையைப் பிரமன் எழுதினான் என்பதா?

நம் சுகமும் வானத்திலிருந்து விழுந்ததன்று. பள்ளியிலே பகலுணவு 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவிற்று, 1982-இல் சத்துணவாயிற்று, 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. வேண்டுமென்று கேட்டவர், வாதாடியவர், வாக்களித்தவர், உலை வைத்தவர் அனைவரும் மனிதரே.

இவற்றைப் பெரியவரிடம் கூறினேன். "இருக்கட்டும் தம்பி, போதுமென்ற மனம் வேண்டாமா?" என்றார்.

"ஐப்பசி மழையிலே தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கிறது. அப்போது கூலி உயர்வு கேட்கிறீர்கள். 'தேயிலைத் தோட்டத்தாரைப் பாரும், நீர் எவ்வளவோ மேல்' என்றால் ஒப்புவீர்களா, ஐயா?"

நாடா நின்றது. "கூலி கேட்கும்போதெல்லாம் அப்படித்தானே சொல்கிறார்கள்!" என்றார் மெதுவாக.

ஆம், தோழர்களே! பிறர் துன்பத்தை முழக்கோலாக்கி நம் இன்பத்தை அளந்து மகிழ்வது நன்றியன்று. அந்த முழக்கோலையே நாளை நம்மீதும் வைப்பர். நன்றி என்பது கடன். தந்தவர் மனிதர், திருப்பித் தரவேண்டியதும் மனிதருக்கே. நாம் பெற்றது, பெறாதார்க்கும் எட்டும்வரை அக்கடன் தீராது.

அந்தக் கம்பளியின் கடனை நான் இன்னும் அடைக்கவில்லை.