இப்பத்தான்

மகளுக்குப் பிரெஞ்சுப் பரீட்சை நெருங்குகிறது. ஹரோவில் எங்கள் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, 'ஜு வியன் து மான்ஜே' எண்டால் என்ன தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பாரிஸில் இருக்கும் அக்காவின் வாயிலிருந்து பொறுக்கிய பத்துச் சொற்கள்தான் என் கையிருப்பு. "நான் இப்பத்தான் சாப்பிட்டனான்" என்று பொருளாம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், "நான் சாப்பிடுவதிலிருந்து வருகிறேன்."

'வியன்' என்றால் வருகிறேன், நிகழ்காலம். 'து' என்றால் இருந்து. "யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறேன்" என்று சொல்லவும் இதே இரண்டு சொற்கள்தான். முடிந்துபோன காரியத்தை ஓர் ஊரைப்போல நினைத்து, அங்கிருந்து இன்னும் வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். எத்தனை நிமிடம், எத்தனை நாள்வரை அப்படிச் சொல்லலாம் என்று மகளின் புத்தகத்தில் தேடினேன். இல்லை. சொல்பவருக்கு அது கிட்டத்தில் இருந்தால் போதும் போலும்.

தமிழுக்கும் காலத்தோடு விளையாடத் தெரியும். "இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டால் குசினிக்குள் இருந்தபடியே "வந்திட்டன்" என்று குரல் வரும்; ஆள் வந்திருக்காது. விரைவைக் காட்ட, வராததையும் வந்ததாகச் சொல்லலாம் என்று தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது. அதைப் பொய் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை.

நான் ஓர் 'இப்பத்தானு'க்காகச் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

1993. ஈஸ்ட்ஹாமில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. கிளாலியில் இரவில் வள்ளமேறி, கடற்படைக்குத் தப்பி வருகிறவர்களின் பைகளில்தான் கடிதங்கள் வெளியே வரும். ஏப்ரலில் ஒருநாள் அக்கா தொலைபேசி எடுத்தாள். "தம்பி, அப்பா மோசம் போயிட்டார். இப்பத்தான் கடிதம் வந்தது." அப்பா இறந்து அன்றைக்கு 33ஆம் நாள். அந்தியேட்டி முடிந்து இரண்டு நாள். ஒரே மகன் நான்.

பிந்திவரும் சாவுச் செய்தியை நம்முடைய ஆட்கள் முன்னமே யோசித்திருக்கிறார்கள். மனுவில் எனக்குப் பிடித்தது அதிகம் இல்லை. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் இதற்கொரு கணக்கு இருக்கிறது. துடக்கு நாட்களுக்குள் தெரியவந்தால் மிச்ச நாட்களைக் காக்கவேண்டும். அவை கழிந்துவிட்டால் மூன்று இரவு. வருடம் ஒன்று போய்விட்டால் ஒரு முழுக்கு. நடந்த நேரத்துக்கும் மரியாதை, அறிந்த நேரத்துக்கும் மரியாதை. நான் மூன்று இரவுக் கணக்கில் விழுந்தவன். வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, பாரிஸில் ஒரு கலியாண வீட்டில், அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தவரைச் சந்தித்தேன். தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிற மனிதர். "பெரிய வெள்ளிக்கு முதல்நாள் கொக்காவின்ரை கையிலை குடுத்தனான்" என்றார். விரல்விட்டு எண்ணினேன். 24ஆம் நாள். ஒன்பது நாள் அக்கா அதை வைத்திருந்திருக்கிறாள். 32ஆம் நாள் எனக்கு அகதி விண்ணப்ப நேர்காணல். அதற்கு மறுநாள்தான் சொல்லியிருக்கிறாள்.

குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவரைக் காட்டி நண்பர்கள் சமாதானம் சொன்னார்கள். காண்ட் 1797இல் எழுதியபடி பார்த்தால் அக்காவுக்கு மன்னிப்பே இல்லை. கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றவர் அவர். எனக்கு இரண்டு பேரும் உதவவில்லை. எனக்கு விசா கிடைத்தது. கடமை தவறியது. இதில் குற்றமற்ற நன்மை எது? நாளைத் தள்ளியதைவிட அந்த 'இப்பத்தான்' என்ற சொல்தான் என்னைச் சுட்டது.

கலியாண வீட்டு வாசலிலேயே கேட்டுவிட்டேன். அக்கா மறுக்கவில்லை.

"கடிதத்தைத் தலையணைக்குக் கீழ வைச்சுக்கொண்டு ஒன்பது நாள் ஒஃபிஸ் கழுவப் போய்வந்தனான். ஆருக்கும் சொல்லேல்லை. அழேல்லை. உனக்குச் சொல்லேக்கதான்ரா எனக்கும் அப்பா செத்தவர்."

அன்றைக்கு அது ஒரு சாட்டாகத்தான் பட்டது. இப்போது, மகளின் கொப்பியைப் பார்த்த பிறகு, அப்படித் தோன்றவில்லை. அவள் ஒன்பது நாளும் அந்தக் கடிதத்திலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறாள். அவள் செய்தது சரி என்று இன்றும் சொல்லமாட்டேன். அந்த நாட்கள் என்னுடையவை. என்னைக் கேளாமல் எடுத்திருக்கக்கூடாது. நேர்காணலில் நான் உளறியிருப்பேனோ இல்லையோ, உளறுவதற்கும் எனக்கு உரிமை இருந்தது. ஆனால் 'இப்பத்தான்' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அவளுடைய குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

மகளுக்கு இன்னொரு உதாரணம் வேண்டியிருந்தது. பாரிஸுக்கு எடுத்து, தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன்.

"மாமி, 'வியன் து' வைச்சு ஒரு வசனம் சொல்லுங்கோ."

அக்கா யோசிக்கவேயில்லை. "ஜு வியன் து ரான்த்ரே." வேலையால் இப்பத்தான் வீட்டுக்கு வந்தனான்.

மகள் எழுதிக்கொண்டாள்.