உடையவன் இல்லாத வள்ளம்

கரையில் ஆளற்றுக் கிடக்கும் வள்ளத்தை எடுத்துக்கொள்பவன் அதற்கு உடையவன் ஆவானா? நமது நாட்டுப் பொதுச் சட்டமான உரோம-ஒல்லாந்தச் சட்டம் நிபந்தனையோடு விடை கூறுகிறது. ‘இனி இது வேண்டாம்’ என்ற எண்ணத்தோடு உடையவன் துறந்த பொருள், அதனை முதலிற் கைக்கொள்பவனுக்கு உரியது. ஆனால், புயலிலே கப்பலின் பாரங் குறைக்கக் கடலில் எறிந்த சரக்கு அத்தகையதன்று. ஆதாயங் கருதி அதனை எடுப்பவன் கள்வனே. 533ஆம் ஆண்டில் யஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டப் பாடநூலே இவ்வேறுபாட்டை வகுத்துவிட்டது.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. கைவிடுதல் மனத்தின் செயல். கை நழுவியதனால் மட்டும் உரிமை நழுவுவதில்லை. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வள்ளங்களை ஊருக்குள் வீசியபோது, அவற்றின் சொந்தக்காரர் எதனையும் துறந்தாரல்லர். 1990இல் போரினால் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்த மீனவர், 2017இல் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின்னரே அங்கு திரும்ப முடிந்தது. அவர்கள் வராதிருந்தது மனமின்மையாலா, வழியின்மையாலா?

‘கரையில் உக்கிப்போகும் வள்ளம் பசித்தவன் ஒருவனுக்குப் பயன்படட்டுமே’ என்று சிலர் வாதிடலாம். நியாயமான வாதந்தான். பயன்படட்டும், பழுது பார்த்தவன் தன் செலவையுங் கேட்கட்டும். ஆனால், இன்னொரு ஏழையின் துயரத்தையே தனது உரிமைப் பத்திரமாக்கிக்கொள்ள அவனுக்கு அறம் இடந்தராது. ‘உடையவன் எங்கே?’ என்று கேட்பதோடு சமூகம் அமைந்துவிடலாகாது. ‘அவன் ஏன் வரமுடியவில்லை?’ என்று கேட்கும்போதே சட்டம் நீதியாகிறது.