எதிர்பார்ப்புக்கு யார் பொறுப்பு?

"பக்கத்து பிளாக்ல பதினெட்டாயிரம் வருதாம். நமக்கு மட்டும் ஏன்ப்பா பதினஞ்சு?" தாம்பரம், முடிச்சூர், ஊரப்பாக்கம் பக்கம் வெளியூர் ஓனர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவர் சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ இருப்பார். பதில் சொல்ல வேண்டியவர் சாவிக்கொத்தோடு இங்கே நிற்பார். வாடகை கொடுக்கிறவர் இந்த உரையாடலிலேயே இருக்க மாட்டார். ஆனால் அதன் முடிவு பெரும்பாலும் அவர் தலையில்தான் விடியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வீடு 60 லட்சம், வாடகை 15,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் மாறும் இடைவெளியில் ஒரு மாதம் காலி. மீதி 11 மாதத்துக்கு 1,65,000. சொத்து வரி, பெயிண்ட், குழாய் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 25,000 போனால் கையில் நிற்பது 1,40,000. போட்ட பணத்தில் இரண்டே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். யாரும் ஏமாற்றாமலே, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இவ்வளவுதான்.

மென்பொருள் வேலையில் ஒரு புகார் வந்தால் முதலில் கேட்பது, "என்ன செய்வதாகச் சொல்லியிருந்தோம்?" என்பதுதான். சொன்னது நடக்கவில்லை என்றால் தப்பு நம்முடையது. சொல்லாததை அவராக எதிர்பார்த்திருந்தால் விஷயம் வேறு. வாடகைப் புகாருக்கும் இது பொருந்தும். பாத்ரூம் கசிவைச் சரிசெய்யாமல் வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் ஓனரின் கோபம் நியாயம். "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்ததும் வாடகை எங்கேயோ போகும்" என்று நம்பி வாங்கினார், 2023 டிசம்பர் 30-ல் அது திறந்தும் விட்டது, வாடகை மட்டும் அவர் நினைத்த அளவு ஏறவில்லை என்றால், அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் அதைத் தீர்த்துவைக்கும் கடமை குடியிருப்பவருக்குக் கிடையாது.

சட்டமும் இங்கே உதவாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. வாடகை பாக்கி வைத்தால் ஓனருக்கு வழி உண்டு. எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

அதனால் இடையில் நிற்பவரின் மனசாட்சிதான் மிச்சம். அது சோதிக்கப்படும் இடம் முடிச்சூர் மாதிரியான ஊர். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றன. அங்கே ஒரு கீழ்த்தள வீட்டுக்கு வாடகை குறைவு என்றால் காரணம் ஊருக்கே தெரியும். ஓனரைச் சமாதானப்படுத்த எளிய வழி, புதிதாகப் பெயிண்ட் அடித்து, விவரம் தெரியாத வெளியூர்க்காரருக்கு ஆயிரம் ரூபாய் ஏற்றி விடுவது. தண்ணீர் வருமா என்று அவர் கேட்டால், "அதெல்லாம் அப்போ சார்" என்று சிரித்துவிடலாம். புகார் தீர்ந்துவிடும். அந்த ஆயிரத்துக்கான விலையை ஒரு மழை இரவில் அவர் குடும்பம் கொடுக்கும்.

ஓனரும் பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தைப் போட்டவராக இருக்கலாம். அவர் தவிப்பை அலட்சியம் செய்யக் கூடாது என்பது சரிதான். அதற்காகவே அவரிடம் பொய் நம்பிக்கை சொல்லக் கூடாது என்கிறேன். "அடுத்த வருஷம் பாருங்க சார், ஏறிடும்" என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் அது அவருடைய முடிவை இன்னொரு வருஷம் தள்ளிப்போடுகிறது. அதுவரை குறையும் பணத்தைக் குடியிருப்பவரிடம் தேட வைக்கிறது: அட்வான்ஸில் ஒரு பிடித்தம், திடீரென்று ஒரு வாடகை உயர்வு.

ஆகவே அவர் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். "கசிவு என் பொறுப்பு, இந்த வாரம் முடிச்சுடறேன். வாடகை இவ்வளவுதான் வரும் சார். வச்சுக்கறதா, விக்கறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க." இப்படிச் சொன்னால் அந்த வீட்டின் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடலாம். போனாலும் பரவாயில்லை என்று நினைக்க முடிகிறவரிடம்தான் சாவியைக் கொடுக்கலாம்.